இருண்ட சித்திரமும் அடுப்பில் பூத்த காளானும்

“அறிக்கை ஓர் இருண்ட சித்திரத்தைத் தீட்டுகிறது.” மொழிபெயர்ப்பு மேசையில் உட்கார்ந்திருந்த வருஷங்களில் இந்த வாக்கியத்தை எத்தனை தடவை எழுதினேன் என்று கணக்கு வைக்கவில்லை. ஏஜென்சி காப்பி ஆங்கிலத்தில் வரும். இரண்டாவது பத்தியில் ‘பெயிண்ட்ஸ் எ கிரிம் பிக்சர்’ என்று இருக்கும். கை தானாக எழுதிவிடும். வறட்சி, வேலையின்மை, குழந்தைகளின் சத்துக்குறைவு, எதுவானாலும் அதே சித்திரம், அதே இருட்டு. ஒரு நாள் மூத்த உதவி ஆசிரியர் ஒருவர் புரூஃபைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். “சித்திரம்னு போட்டிருக்கியே, அதுல என்னப்பா தெரியுது?” அடுத்த பத்தியில் இருந்ததைச் சொன்னேன். “அப்ப அதையே மேல தூக்கிப் போடு” என்று அந்த வரியை அடித்துவிட்டுப் போனார். செய்தி ஒரு வரி குறைந்தது. வேறொன்றும் குறையவில்லை.

அந்த ஒரு வரி தமிழில் எப்படிப் புழங்குகிறது, எங்கே பொருந்துகிறது, எங்கே துருத்துகிறது என்று இப்போது சாவகாசமாகப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஓய்வுபெற்றுக் கரையான்சாவடியில் உட்கார்ந்து காலையில் இரண்டு பேப்பர் படிப்பவனுக்கு இதைவிட வேலை என்ன?

முதலில் ஆங்கிலத்திலேயே அந்தத் தொடரைச் சரியாகப் பிடிக்க வேண்டும். அதற்கு ஓர் எழுவாய் தேவை. அது வரையத் தெரிந்ததாக இருக்க வேண்டும். அறிக்கை வரையலாம், புள்ளிவிவரம் வரையலாம், நேரில் கண்டவர் சொல்லும் சாட்சியம் வரையலாம். விபத்து வரையாது. ‘நேற்றைய விபத்து இருண்ட சித்திரத்தைத் தீட்டியது’ என்று ஒரு செய்தியில் படித்தேன். விபத்துதான் அங்கே சித்திரமே, அதற்கேது தூரிகை? அடுத்தது, அடைமொழி. கிரிம், பிளீக், குளூமி மூன்றையும் நாம் ‘இருண்ட’ என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுகிறோம். கிரிம் என்றால் அதில் கடுமை உண்டு, சாவின் வாடை உண்டு. பிணவறைக் கணக்குக்கு அது பொருந்தும். பிளீக் என்பது மரம் மட்டை இல்லாத வெட்டவெளி; இனி ஒன்றும் முளைக்காது என்ற நினைப்பு. அடுத்த வருஷத்து வேலைவாய்ப்பைப் பற்றிய கணிப்புக்கு அது சரி. குளூமி வெறும் மப்பு. மனசு களையிழந்து கிடப்பது. பங்குச்சந்தையின் ஒருநாள் சோர்வுக்கு அது போதும். மூன்றும் தமிழில் ‘இருண்ட’ ஆகும்போது பிணவறையும் பங்குச்சந்தையும் ஒரே நிறமாகிவிடுகின்றன.

வினைச்சொல்லிலும் சிக்கல் உண்டு. ‘தீட்டுகிறது’ என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறோம். கண்ணுக்கு மை தீட்டுவதும் ஓவியம் தீட்டுவதும் பழைய, நல்ல வழக்குகள். ஆனால் பேப்பர் படிக்கும் தமிழருக்கு அந்தச் சொல் தினமும் வந்து சேரும் இடம் வேறு: சதித்திட்டம் தீட்டினார்கள், கொள்ளையடிக்கத் திட்டம் தீட்டிய கும்பல். அந்த வாசனையோடு ‘அறிக்கை தீட்டுகிறது’ என்று படித்தால், பாவம், அறிக்கையே ஏதோ உள்வேலை செய்வதுபோல் இருக்கிறது. ‘படம்பிடித்துக் காட்டுகிறது’ என்பது இன்னொரு வழி. இது கேமரா வந்த பிறகு பிறந்த தொடர். நம் பேச்சிலேயே ஊறிவிட்டது. ஆனால் இதற்கு ஒரு கூடுதல் பொறுப்பு இருக்கிறது. தூரிகை பிடித்தவர் நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம். படம்பிடித்தவர் இருந்ததைத்தான் எடுத்தார் என்று வாசகர் நம்புவார். சரிபார்க்காத ஒரு கணிப்பைப் ‘படம்பிடித்துக் காட்டுகிறது’ என்று எழுதினால், அந்தக் கணிப்புக்கு நாமே கையெழுத்துப் போட்டதாகிவிடும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த சொல்: சித்தரி. ‘சித்திரம்’ என்பதிலிருந்து வந்ததால் ‘சித்திரி’ என்றே எழுத வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். இலக்கணப்படி அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. அச்சில் ‘சித்தரி’ நிலைத்துவிட்டது, நான் அதோடு போகிறேன். கவனிக்க வேண்டியது எழுத்தை அல்ல, வேற்றுமை உருபை. ‘ஏழ்மையைச் சித்தரிக்கும் நாவல்’ என்றால் பாராட்டு. ‘அவரைக் குற்றவாளியாகச் சித்தரிக்கிறார்கள்’ என்றால், அவர் குற்றவாளி இல்லை என்று சொல்பவர் நம்புகிறார். ‘ஐ’ மட்டும் வந்தால் உண்மை. கூடவே ‘ஆக’ வந்து ஒட்டிக்கொண்டால் பொய். இந்த வித்தியாசம் எந்தப் பாடத்திலும் சொல்லிக்கொடுக்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் தமிழ் பேசுகிற எல்லோருக்கும் தெரியும். இதை மறந்து ‘தொழில்துறை முடங்கிவிட்டதாகச் சித்தரிக்கும் அறிக்கை’ என்று எழுதுகிற நிருபர், தன்னை அறியாமலேயே அறிக்கையைப் பொய் என்று சொல்லி ஆளுங்கட்சி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுகிறார். எனக்கே அது ஒரு தடவை நடந்தது. மறுநாள் வந்த வாசகர் கடிதத்தில் இருந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது.

ஆங்கிலத் தொடரிலும் அந்த விலகல் ஓரளவு உண்டு. பெயிண்ட் என்ற வினை, வரைந்தது யார் என்ற கேள்வியைக் கூடவே கூட்டி வருகிறது. எனவே எழுதுகிறவர் அறிக்கையை முழுக்க நம்பவுமில்லை, தள்ளவுமில்லை என்ற நிலையில் அந்தத் தொடர் சரியாக வேலை செய்யும். அதற்கு ஒரு நல்ல சோதனை எங்கள் ஊருக்கு மேற்கே இருக்கிறது: செம்பரம்பாக்கம் ஏரி.

2018 ஜூனில் நிதி ஆயோக் நீர் மேலாண்மைக் குறியீடு ஒன்றை வெளியிட்டது. நாட்டில் 60 கோடிப் பேர் கடும் நீர் நெருக்கடியில் இருக்கிறார்கள் என்றும், சென்னை, பெங்களூரு, டெல்லி, ஹைதராபாத் உட்பட 21 நகரங்களில் 2020க்குள் நிலத்தடி நீர் தீர்ந்துவிடும் என்றும் அதில் இருந்தது. ‘இருண்ட சித்திரம்’ அன்று எல்லா மொழிகளிலும் ஓடியது. அடுத்த கோடையிலேயே சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டன. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அறிக்கை பலித்துவிட்டது என்றே நாங்கள் நினைத்தோம். ஆனால் நீரியல் தெரிந்தவர்கள் அப்போதே ஒரு சந்தேகத்தை எழுப்பினார்கள். ஆண்டுதோறும் ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சுகிறோம் என்பது ஒரு கணக்கு. இந்தத் தேதியில் தீர்ந்துவிடும் என்பது தீர்ப்பு. முதலாவதிலிருந்து இரண்டாவது எப்படி வந்தது? கேள்வி நியாயமானது. அறிக்கை சொன்ன அதே 2020இல், நவம்பர் 25 அன்று, நிவர் புயல் மழையில் செம்பரம்பாக்கம் 22 அடியைத் தொட்டு 1,000 கனஅடி திறந்துவிட்டார்கள்.

இங்கே ‘நிதி ஆயோக் இருண்ட சித்திரம் தீட்டியது’ என்று எழுதியிருந்தால் அது சரியான பிரயோகமே. வரைந்தவர் பெயர் இருக்கிறது, நிறம் அவருடையது, நம்புவதும் நம்பாததும் நம் பாடு. பெயரை விட்டுவிட்டு ‘2020இல் சென்னையில் தண்ணீர் இருக்காது’ என்று தலைப்புப் போட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அந்தக் கோடையில் வந்த படங்களையும் சொல்லியாக வேண்டும். வெடித்த ஏரித்தரை, நடுவில் ஒற்றைக் குடம், பின்னால் ஒரு கிழவி. மூன்று வருஷம் முந்தைய படமா, வேறு ஜில்லாவா, யாருக்குத் தெரியும்? இருண்ட சித்திரத்துக்கு எழுத்தில் தேய்ந்த தொடர் இருப்பதுபோல் கேமராவிலும் தேய்ந்த கோணம் உண்டு.

இதே ஏரியின் இன்னொரு கதை 2015 டிசம்பர் 1. அன்று 29,000 கனஅடி திறந்துவிடப்பட்டது என்பது அரசுக் கணக்கு. அடையாற்றங்கரை மூழ்கியது. பத்திரிகைகள் ‘இயற்கைச் சீற்றம்’, ‘வரலாறு காணாத பேரழிவு’, ‘மிதக்கும் சென்னை’ என்று எழுதின. எல்லாம் இருண்ட சித்திரங்கள்தான், எதிலும் எழுவாய் இல்லை. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறையின் அறிக்கை, இது மனிதரால் விளைந்த பேரிடர் என்றது. உணர்ச்சிச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. ‘மனிதரால்’ என்பதில் இருந்த ‘ஆல்’ என்ற ஒரே உருபு, ஆயிரம் ‘கண்ணீர்க் கடல்’களைவிடக் கனமாக விழுந்தது.

எங்கள் பக்கத்து மக்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகத் தெரியும். ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. 22 தாண்டினால் திறப்பார்கள் என்பது டீ மாஸ்டருக்குக்கூட அத்துப்படி. ‘நிலைமை கவலையளிக்கிறது’ என்று அவரிடம் சொன்னால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். தொழிற்பேட்டைப் பக்கமும் அப்படித்தான். 2019 செப்டம்பரில் வாகனத் தொழில் சரிந்தபோது ‘எதிர்காலம் கேள்விக்குறி’ என்று பக்கம் பக்கமாக எழுதினோம். அசோக் லேலண்ட் எண்ணூர் ஆலையில் அந்த மாதம் 16 நாள் வேலையில்லா நாட்கள் என்று அறிவித்த ஒரு வரிதான் அம்பத்தூரில் லேத் பிடிப்பவருக்குச் செய்தி. மீதி நாட்களை அவரே விரல்விட்டு எண்ணிக்கொள்வார்.

மருத்துவமனைச் செய்தியில் இது உயிர் போகிற விஷயம். ‘கிரிட்டிக்கல்’ என்பதற்குத் தமிழ்ப் பத்திரிகைகள் கண்டுபிடித்த ‘கவலைக்கிடம்’ என்னைப் பொறுத்தவரை ஓர் அருமையான சொல். இடம் என்ற சொல்லை அங்கே கொண்டுவந்து வைத்தது யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. ஆனால் அந்தச் சொல் எப்போது வரவேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2016 செப்டம்பர் 22 அன்று ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது சொல்லப்பட்டது காய்ச்சலும் நீர்ச்சத்துக் குறைவும். எழுபது நாளுக்கு மேல் பெரும்பாலும் தேறிவருகிறார் என்ற சேதிகளே வந்தன. டிசம்பர் 4 மாலை இதயம் நின்றது. மறுநாள்தான் ‘மிகவும் கவலைக்கிடம்’. அன்று மாலையே சில தொலைக்காட்சிகள் மரணத்தை அறிவித்தன, கட்சி அலுவலகத்தில் கொடி பாதிக்கு இறங்கியது, மருத்துவமனை மறுத்ததும் மறுபடி ஏறியது. இரவு 11.30க்குத்தான் உயிர் பிரிந்தது என்று அறிவித்தார்கள். அதுவரை வெளிச்சமாகவே வரைந்துவந்த படத்தை மக்கள் நம்பவில்லை; கடைசியில் இருட்டாக வரைந்ததையும் நம்பவில்லை.

2018 ஆகஸ்ட் 6 அன்று கருணாநிதியைப் பற்றி வந்த மருத்துவ அறிக்கை வேறு மாதிரி. வயது காரணமாக முக்கிய உறுப்புகளின் இயக்கத்தைத் தக்கவைப்பது சவாலாக இருக்கிறது, அடுத்த 24 மணி நேரத்தில் சிகிச்சைக்கு உடல் எப்படி ஒத்துழைக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கும் என்ற பொருளில் அது இருந்தது. என்ன நடக்கிறது, எவ்வளவு நேரம் என்று இரண்டு விவரம், அவ்வளவுதான். மறுநாள் மாலை 6.10க்கு அவர் மறைந்தார். அந்த 24 மணி நேரத்தைத் தமிழ்நாடு முழுவதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழித்தது. எந்த அடைமொழியும் அதைச் செய்திருக்காது.

விபத்துச் செய்தியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ‘பரிதாபமாக’ இறந்தார், ‘ரத்த வெள்ளத்தில்’ கிடந்தார், ‘நெஞ்சைப் பதறவைக்கும்’ சிசிடிவி காட்சி, கடைசி வரி ‘இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் சோகத்தை ஏற்படுத்தியுள்ளது’. அந்தக் கடைசி வரியை நானும் நூற்றுக்கணக்கில் எழுதியவன். அந்தப் பகுதிக்குப் போய் யாரிடமும் கேட்டதில்லை.

தமிழுக்கு இந்த வேலை தெரியாதா? தெரியும், ரொம்ப நன்றாகவே தெரியும். கரையான்சாவடியில் ஷேர் ஆட்டோ ஏறினால் அடுத்த நிறுத்தம் குமணன்சாவடி. அந்த ஊருக்கும் சங்ககாலக் குமணனுக்கும் சம்பந்தம் உண்டா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்த நிறுத்தத்தில் இறங்கும்போதெல்லாம் எனக்குப் பெருந்தலைச் சாத்தனார் ஞாபகம் வந்துவிடும். நாட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் காட்டில் இருந்த குமணனைத் தேடிப்போய் அவர் பாடியது புறநானூற்றில் 164ஆம் பாட்டு. சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. பால் இல்லாத மார்பைச் சப்பிச் சப்பிக் குழந்தை அழுகிறது. மனைவி குழந்தையின் முகத்தைப் பார்க்கிறாள், பிறகு கண்ணில் நீரோடு புலவரைப் பார்க்கிறாள். அவளைப் பார்த்துவிட்டுத்தான் உன்னிடம் வந்தேன் என்கிறார். காளானிலிருந்து குழந்தை, குழந்தையிலிருந்து தாய், தாயிலிருந்து தன்மேல், தன்னிலிருந்து அரசன்மேல் என்று பார்வை நகர்ந்துகொண்டே வந்து நிற்கிறது. ‘கொடிய வறுமை’ என்ற பேச்சே தேவைப்படவில்லை. அடுப்பில் காளான் பூக்க எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட வேண்டியது கேட்பவரின் வேலை. தொல்காப்பியம் அழுகை என்ற மெய்ப்பாட்டுக்கு இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை என்று நான்கு காரணம் சொல்கிறது. காரணத்தைக் காட்டினால் அழுகை தானே வரும் என்பது அந்த இலக்கணத்தின் தைரியம்.

இன்னொரு வழி, தலைகீழாகப் பெயர் வைப்பது. புதுமைப்பித்தன் 1934இல் நகரத்துச் சந்து ஒன்றின் அவலத்தை எழுதி அதற்குப் ‘பொன்னகரம்’ என்று தலைப்பிட்டார். இருட்டை இருட்டு என்று சொல்லாமல் பொன் என்று சொன்ன குசும்பு அது, திருநெல்வேலிக்காரர் அல்லவா. மொழிபெயர்ப்பிலும் வழி இருக்கிறது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் கூலிகள் பட்ட பாட்டை மருத்துவர் பி.எச்.டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் ‘ரெட் டீ’ என்ற பெயரில் வெளியிட்டார். இரா.முருகவேள் அதைத் தமிழாக்கியபோது ‘சிவப்புத் தேநீர்’ என்று வைக்கவில்லை. ‘எரியும் பனிக்காடு’ என்று வைத்தார். தேநீருக்குள் ரத்தம் என்ற ஆங்கிலப் படம் போய், குளிருக்குள் நெருப்பு என்ற வேறொரு படம் வந்தது. சொல்லுக்குச் சொல் போயிருந்தால் தலைப்பு ஏதோ சீனத் தேயிலை விளம்பரம்போல் இருந்திருக்கும்.

‘இருண்ட’ என்ற சொல் நம் சரித்திரத்திலேயே ஒரு விபரீதம் செய்திருக்கிறது. ஐரோப்பியர் தங்கள் இடைக்காலத்துக்கு வைத்த பெயரைப் பார்த்துக் களப்பிரர் காலத்தை ‘இருண்ட காலம்’ என்றார்கள். சான்று போதவில்லை என்பதே அதன் அடிப்படை. விளக்கு இல்லை, ஆகவே தெரியவில்லை. பாடப்புத்தகம் வழியாக இறங்கி வந்தபோது அது ‘கொடுமையான காலம்’ ஆகிவிட்டது. மயிலை சீனி.வேங்கடசாமி ‘களப்பிரர் ஆட்சியில் தமிழகம்’ எழுதி, அந்தக் காலத்திலும் சமயமும் இலக்கியமும் நடந்துகொண்டுதான் இருந்தன என்று எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. தெரியாததும் கெட்டதும் ஒரே நிறமாகப் பூசப்பட்டால் வரும் வினை இது. இருட்டைப் பூசுவது எப்போதும் ஒரு தேர்வு என்பதற்கு 1947 ஆகஸ்ட் 15ஐவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஒரே நாள், ஒரே இயக்கம். பெரியார் அதைத் துக்க நாள் என்றார், அண்ணா இன்ப நாள் என்றார். இருவரும் பெயரோடு, காரணத்தோடு சொன்னார்கள். யார் வரைந்த படம் என்பதில் எவருக்கும் குழப்பம் இல்லை.

ஒரு மறுப்பு வரும். தமிழன் அமங்கலத்தை நேராகச் சொல்லமாட்டான், மங்கலம் என்று இலக்கணமே வகுத்து வைத்திருக்கிறான், செத்தவரைத் ‘தவறிட்டார்’ என்கிறான், விளக்கை ‘அமர்த்து’ என்கிறான், ‘போகிறேன்’ என்பதற்குப் ‘போய்ட்டு வரேன்’ என்கிறான். அப்படியிருக்க அடுப்பையும் பிணத்தையும் விவரமாகக் காட்டு என்பது பண்பாட்டுக்கு ஒட்டுமா? எனக்கு இதில் முரண் தெரியவில்லை. மங்கலம், இழவு வீட்டில் நிற்கிறவருக்குச் செய்யும் மரியாதை. அதே இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பாட்டி செத்தவர் கட்டிய வேட்டி, வாங்கி வந்த பண்டம், உட்கார்ந்த திண்ணை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து அழுவதில்லையா? பெயரை மூடுகிற அதே வீடுதான் விவரத்தைத் திறக்கிறது. ‘இருண்ட சித்திரம்’ இரண்டையும் செய்வதில்லை.

பேசுகிற மாதிரி எழுதுவதே நல்லது என்ற கட்சியைப் பாரதி அந்தக் காலத்திலேயே எடுத்தார். சுதேசமித்திரனில் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிக் கை ஓய்ந்தவர் சொன்னது அது என்பதால் எனக்கு அதில் கூடுதல் நம்பிக்கை. இப்போது அந்த வேலையைக் கருவி செய்கிறது. என் கைபேசியில் சென்ற மழையின்போது வந்த அறிவிப்பு, ‘நிபுணர்கள் கடுமையான படத்தை வரைகிறார்கள்’ என்றது. எதிரே உட்கார்ந்திருந்த பேரப்பிள்ளை, “தாத்தா, டிராயிங்கா?” என்று கேட்டான். அவன் கேள்வியும் அந்த மூத்த உதவி ஆசிரியர் கேட்டதும் ஒன்றுதான்.

இன்று மேசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அறிக்கை யாருடையது என்று சொல்லிவிட்டு, அதை நீங்கள் முழுக்க ஏற்கவில்லை என்றால் மட்டும் ‘சித்திரம் தீட்டுகிறது’ என்று எழுதுங்கள். ‘சித்தரி’க்கு முன்னால் ‘ஆக’ போடும்போது இரண்டு தடவை யோசியுங்கள். மற்ற நேரங்களில் அந்த வரியை அடித்துவிட்டு அடுத்த பத்தியை மேலே தூக்குங்கள். நவம்பர் பிறந்ததும் எங்கள் டீக்கடையில் பேப்பரைப் பிரிக்கிறவரிடம் முதலில் கேட்கப்படுவது, ஏரி எத்தனை அடி என்பது.